சான்றிதழ் வயது, உடல் வயது, ஆட்ட வயது

(கால்பந்துப் பயிற்சியாளர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள், பெற்றோர் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'எந்த வயதுக்கு எந்தப் பயிற்சி' என்று என் தலைப்பை அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். அதற்குள் நுழையும் முன் உங்களிடம் ஒரு கேள்வி. எந்த வயதைச் சொல்கிறோம்?

பதின்மூன்று வயதுப் பையன்கள் இருபது பேரை ஒரு வரிசையில் நிறுத்திப் பாருங்கள். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், குரல் உடைந்திருக்கும். பக்கத்தில் நிற்பவன் அவன் தோளுக்குக்கூட வரமாட்டான். ஐந்தாம் வகுப்பு என்றால் நம்பிவிடுவோம். இருவரின் பிறப்புச் சான்றிதழிலும் ஒரே ஆண்டு. அதே வரிசையில் இன்னொருவன், ஆறு வயதிலிருந்து அண்ணன்மாரோடு தெருவில் பந்து உதைத்தவன். அவனுக்கு அடுத்தவன் போன ஜூன் மாதம்தான் முதல்முறையாகப் பந்தைத் தொட்டான்.

ஆக, ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று வயது இருக்கிறது. ஒன்று சான்றிதழ் சொல்லும் வயது. இரண்டாவது, உடம்பு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்ற வயது. மூன்றாவது, எத்தனை காலம் பந்தோடு புழங்கியிருக்கிறான் என்ற ஆட்ட வயது. போட்டிக்குப் பெயர் கொடுக்க முதல் வயது போதும். பிள்ளையை வளர்த்தெடுக்க மற்ற இரண்டும் வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? முதல் வயதை வைத்துப் பயிற்சி கொடுக்கிறோம். இரண்டாவது வயதைப் பார்த்து, அதையே திறமை என்று எண்ணி, ஆளைத் தேர்ந்தெடுக்கிறோம். மூன்றாவதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. இதனால் நல்ல ஆட்டக்காரர்களை அவர்கள் ஆட்டக்காரர்கள் ஆவதற்கு முன்பே இழந்துவிடுகிறோம். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

பிறந்த மாதம் செய்யும் வேலை

1980களின் தொடக்கத்தில் கனடாவின் லெத்பிரிட்ஜ் ஊரில் ஓர் ஐஸ் ஹாக்கி ஆட்டம். ராஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் மனைவியோடு பார்க்கப் போயிருந்தார். கையில் கொடுத்த ஆட்டக்காரர் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்த அவருடைய மனைவிக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எங்கே பார்த்தாலும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் பிறந்தநாள்கள். பார்ன்ஸ்லி அதைப் பிடித்துக்கொண்டு கணக்கெடுத்தார். 1985இல் ஆய்வு வெளிவந்தது. கனடாவில் வயதுப் பிரிவின் எல்லை ஜனவரி 1. அந்தத் தேதியை ஒட்டிப் பிறந்த பிள்ளை தன் பிரிவிலேயே மூத்தவன். டிசம்பரில் பிறந்தவன் கடைக்குட்டி. பத்து வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது வாழ்ந்த காலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு.

மூத்தவன் கொஞ்சம் உயரம், கொஞ்சம் வேகம். கோச்சின் கண் அவன்மேல் விழுகிறது. நல்ல அணிக்குப் போகிறான். அங்கே நல்ல பயிற்சி, கூடுதல் மேட்ச், எதிரிலும் நல்ல ஆட்டக்காரர்கள். நான்கு வருஷம் கழித்துப் பார்த்தால் அவன் உண்மையிலேயே மேலானவனாகிவிட்டான். முதல் நாள் செலக்ஷனில் இல்லாத திறமை வித்தியாசத்தை அந்தச் செலக்ஷனே உண்டாக்கிவிட்டது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெர்னர் ஹெல்சன் குழுவினர் ஐரோப்பிய இளையோர் கால்பந்தில் தேடியபோதும் இதே சாய்வு தெரிந்தது.

இங்கிலாந்தில் எல்லை செப்டம்பர் 1. அங்கே ஜூலை, ஆகஸ்ட் பிள்ளைகள்தான் கடைக்குட்டிகள். 1993 ஜூலை 28இல் பிறந்த ஒரு பையனை எட்டு வயதில் ஆர்சனல் கிளப் எடுத்துக்கொண்டது. ஒரு சீசன் முடிந்ததும் விட்டுவிட்டது. அவன் பதினோரு வயதில் டாட்டன்ஹாம் போனான். இன்று இங்கிலாந்துக்காக எவரையும்விட அதிக கோல் அடித்தவர் அவர்தான், ஹாரி கேன். எட்டு வயதில் யார் வருவான், யார் வரமாட்டான் என்று சொல்ல அவ்வளவு பெரிய கிளப்பாலேயே முடியவில்லை. நாம் அரை மணி நேரம் ஓடவிட்டுச் சொல்லிவிடுகிறோம்.

வீட்டுக்குப் போனதும் உங்கள் அணிப் பட்டியலை எடுங்கள். ஒவ்வொருவரும் பிறந்த மாதத்தை எழுதுங்கள். முதல் மூன்று மாதக்காரர்கள் எத்தனை, கடைசி மூன்று மாதக்காரர்கள் எத்தனை என்று எண்ணுங்கள். யாரும் உங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இந்த இடத்தில் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த, மேடையில் யாரும் பேசாத விஷயம் ஒன்று இருக்கிறது. அது வயது மோசடி. பதினாறு வயதுப் பையனை 14 வயதுக்குட்பட்ட பிரிவில் இறக்குவது. இதைத் தடுக்க அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் டி.டபிள்யூ.3 என்ற எலும்பு வயதுச் சோதனையைப் பயன்படுத்துகிறது. இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முனைகள் எவ்வளவு முதிர்ந்திருக்கின்றன என்று பார்ப்பார்கள். தேவையான சோதனைதான். ஆனால் அது என்ன அளக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். உடல் வயதை அளந்து சான்றிதழ் வயதைச் சரிபார்க்கிறோம். உண்மையிலேயே பதின்மூன்று வயதான, ஆனால் சீக்கிரம் வளர்ந்துவிட்ட பிள்ளை அதில் தோற்கலாம். வயதைக் குறைத்துக் காட்டிய, தாமதமாக வளரும் பிள்ளை தேறலாம்.

மோசடி ஏன் நடக்கிறது? மாநில அளவில் ஆடிய சான்றிதழுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் மதிப்பு இருக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது கல்லூரி வாசலைத் திறக்கும். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்த ஆசை பதினேழு, பத்தொன்பது வயதுப் பிரிவோடு நிற்காமல் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வரைக்கும் இறங்கி வந்துவிட்டது. கோப்பை எங்கே என்று தலைமையாசிரியர் பி.டி. மாஸ்டரைக் கேட்கிறார். மாஸ்டர் வளர்ந்த பையனைத் தேடுகிறார். சின்னவன் பெஞ்சில் உட்காருகிறான். அடுத்த வருஷம் வருவதில்லை.

உடம்பு தன் கணக்கில் வளர்கிறது

குறுவையும் நெல்தான், சம்பாவும் நெல்தான். ஒரே நாளில் விதைத்தாலும் ஒரே நாளில் அறுக்க எந்த விவசாயியும் அரிவாளோடு போகமாட்டார். சம்பா பச்சையாக நிற்கிறது என்று அதைப் பதர் என்று ஒதுக்கவும்மாட்டார். பிள்ளைகளின் உடம்பிலும் குறுவை உண்டு, சம்பா உண்டு.

பெண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ பன்னிரண்டு வயதிலும் பையன்களுக்கு ஏறத்தாழ பதினான்கு வயதிலும் உயரம் மளமளவென்று ஏறும். உச்சத்தில் ஒரு பையன் வருஷத்துக்கு 8 முதல் 10 சென்டிமீட்டர் வளரக்கூடும். இது சராசரிக் கணக்கு. ஒருவனுக்குப் பன்னிரண்டிலேயே வந்துவிடும். இன்னொருவனுக்குப் பதினாறு ஆகலாம். ஆகவே ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளின் உடல் முதிர்ச்சியில் நான்கைந்து ஆண்டு இடைவெளி இருப்பது அதிசயம் இல்லை.

இதை அறிய ஆய்வுக்கூடம் வேண்டாம், சுவரில் ஒட்டிய டேப் போதும். அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் கூட்டி இரண்டால் வகுங்கள். பையன் என்றால் 6.5 சென்டிமீட்டர் கூட்டுங்கள், பெண் என்றால் 6.5 கழியுங்கள். பிள்ளை வளர்ந்து முடிக்கும்போது ஏறத்தாழ எட்டக்கூடிய உயரம் கிடைக்கும். அப்பா 168, அம்மா 155 என்றால் மகனுக்கு 168 வருகிறது. அவன் இன்று 148 என்றால், வளர வேண்டியதில் 88 சதவீதம் வந்திருக்கிறான். அதே எதிர்பார்ப்பு உயரமுள்ள இன்னொருவன் இன்று 163 என்றால் 97 சதவீதம். இரண்டாமவனுக்கு வளர்ச்சி ஏறக்குறைய முடிந்துவிட்டது, முதலாமவனுக்கு இனிமேல்தான். செலக்ஷன் நாளில் நாம் யாரைப் பிடித்துக்கொள்கிறோம், யாரை அனுப்பிவிடுகிறோம் என்று சொல்லத் தேவையில்லை. துல்லியமான முறைகள் வேறு உண்டு. இந்த மேலோட்டமான கணக்கே நம் கண்ணைத் திறக்கப் போதும்.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2015இல் ஒரு சோதனை செய்தது. பாத் பல்கலைக்கழகத்தின் ஷான் கம்மிங் அதில் முக்கியமானவர். 11 முதல் 14 வயது வரையுள்ள பையன்களில், எதிர்பார்க்கும் உயரத்தில் 85 முதல் 90 சதவீதம் எட்டியவர்களை மட்டும் ஒன்றாக்கி ஒரு டோர்னமென்ட் நடத்தினார்கள். சான்றிதழ் வயதைத் தள்ளிவைத்து, உடல் வயதில் அணி பிரித்தார்கள். சீக்கிரம் வளர்ந்த சின்னப் பையனுக்கு இப்போது எதிரில் நிற்பவனும் தன் அளவு. தோளால் தள்ளிக்கொண்டு போக முடியவில்லை. பாஸ் கொடுக்க வேண்டியிருந்தது, சீக்கிரம் யோசிக்க வேண்டியிருந்தது. தாமதமாக வளர்பவனுக்கோ முதல்முறையாகப் பந்தை வைத்து ஆட இடம் கிடைத்தது. மற்றவர்களுக்கு வழிசொல்லவும் துணிந்தான். இருவருக்கும் அது நல்லதாக அமைந்தது. நாம் சின்னவனைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறோம். உண்மையில் பெரியவனும் ஏமாற்றப்படுகிறான். பன்னிரண்டு வயதில் உடம்பை வைத்தே ஜெயித்தவன், பதினேழு வயதில் எல்லோரும் அவன் உயரத்துக்கு வந்ததும் கையில் எதுவும் இல்லாமல் நிற்கிறான்.

பெல்ஜியம் இன்னொரு வழி கண்டது. தாமதமாக வளரும் பதினைந்து, பதினாறு வயதுப் பையன்களுக்கென்றே வழக்கமான இளையோர் தேசிய அணிக்குப் பக்கத்தில் 'ஃபியூச்சர்ஸ்' என்று தனி அணி வைத்தது. அவர்களும் நாட்டின் சட்டையைப் போட்டு வெளிநாட்டோடு ஆடுகிறார்கள். காத்திருக்கும் காலத்தில் கைவிடப்படாமல் இருக்கிறார்கள்.

வளர்ச்சி வேகமெடுக்கும் காலத்தில் கோச் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. எலும்பு முதலில் நீளும். தசையும் தசைநாரும் பின்னால் வந்து சேரும். போன வருஷம் பந்தைக் காலில் ஒட்டவைத்து ஓடியவன் இந்த வருஷம் தன் காலிலேயே தடுக்கி விழுவான். கவனம் போய்விட்டது, செல்போன் பார்க்கிறான் என்று திட்டுவோம். முழங்காலுக்குக் கீழே எலும்பு துருத்திக்கொண்டு வலிக்கும், அது ஆஸ்குட்–ஷ்லாட்டர். குதிகாலில் வலித்தால் பெரும்பாலும் சீவர். இரண்டும் வளரும் பிள்ளைகளுக்கே உரியவை. ஓய்வு கொடுத்து, ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வலியோடு ஓடவைத்தால் கூடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து குறித்துவைக்கும் கோச்சுக்கு இது வரப்போவது முன்பே தெரியும். அந்தச் சில மாதங்களுக்குப் படிக்கட்டு ஏறுவதையும் தவளை ஜம்ப்பையும் விட்டுவிட்டுப் பந்தோடு மெதுவான வேலை கொடுங்கள். 'இது வளரும் காலத்தின் தடுமாற்றம், போய்விடும்' என்று பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டம் ஆறாம், ஏழாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. நம் ஊரில் அவர்கள் கிரவுண்டை விட்டு நிற்பதும் சரியாக அப்போதுதான். கழிப்பறை இல்லாத மைதானம், உடை மாற்ற இடமில்லாத பள்ளி, இருட்டிய பிறகு முடியும் பயிற்சி, மாதவிடாய் பற்றிப் பேசத் தயங்கும் கோச் ஆகியவைதான் அவர்களை நிறுத்துகின்றன. ஆட்டத் திறமை குறைந்து யாரும் நிற்பதில்லை. இங்கிலாந்து மகளிர் அணியே 2023இல் வெள்ளை டிரவுசரை விட்டு நீலத்துக்கு மாறியது. காரணம் உங்களுக்குப் புரியும். கடலூரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கே கேப்டனாக நின்றார். மதுரைப் பக்கத்து சேது எஃப்.சி. 2018–19இல் இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது. நம் பெண்களால் முடியும் என்பது நிரூபணமான விஷயம். அவர்களை ஆறாம் வகுப்பைத் தாண்டியும் கிரவுண்டில் தக்கவைப்பதுதான் நம் வேலை. காயத் தடுப்பும் அதில் சேரும். ஃபிஃபாவின் '11+' என்ற இருபது நிமிட வார்ம்-அப்பை நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் சோதித்து 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். காயப்படும் அபாயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

பந்து யார் காலில்?

இனி ஆட்ட வயது. இது வருஷத்தில் ஏறுவதில்லை, பந்தைத் தொட்ட தொடுகையில் ஏறுகிறது. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பதினோரு பேர் ஆட்டம், ஒரு மணி நேரம், ஒரே பந்து. எல்லோருக்கும் சமமாகப் பிரித்தால்கூட ஓர் ஆளுக்கு மூன்று நிமிடம் வராது. மூன்றுக்கு மூன்று ஆடினால் அதே ஒரு மணி நேரத்தில் ஓர் ஆளுக்குப் பத்து நிமிடம். இன்னொரு காட்சி நம் கிரவுண்டுகளில் தினமும் பார்ப்பது. இருபது பேர் ஒரே வரிசை, கோன்களை வளைத்து ஓடி ஒருவர்பின் ஒருவராக கோலுக்கு அடிக்கிறார்கள். ஒருவருக்குப் பதினைந்து விநாடி என்றால், அடுத்த முறை வர ஐந்து நிமிடம். ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு முறை உதைத்தான். மீதி நேரமெல்லாம் நின்றான். அதைப் பயிற்சி என்று எழுதிக்கொள்கிறோம்.

2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையை நெதர்லாந்தோடு சேர்ந்து நடத்திய பெல்ஜியம் சொந்த மண்ணில் முதல் சுற்றோடு வெளியேறியது. அந்தக் காலத்தில் அந்நாட்டுக் கால்பந்தின் தொழில்நுட்ப இயக்குநரான மிஷெல் சப்லோன் சிறுவர் ஆட்டங்களைப் படம்பிடித்து ஆராயச் செய்தார். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளில் சிலர் அரை மணி நேரத்தில் இரண்டே முறை பந்தைத் தொடுவது தெரியவந்ததாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு இரண்டுக்கு இரண்டு, ஐந்துக்கு ஐந்து, எட்டுக்கு எட்டு என்று ஏறும் படிகளை வகுத்தார்கள். சின்னப் பிரிவுகளில் புள்ளிப் பட்டியலை எடுத்தார்கள். பெல்ஜியம் 2015இல் ஃபிஃபா தரவரிசையில் முதலிடம் போனது. 2018 உலகக் கோப்பையில் மூன்றாமிடம் பெற்றது.

இங்கிலாந்து 2012இல் வாக்கெடுத்து விதியை மாற்றியது. 8 வயதுக்குட்பட்டோர் வரை ஐந்து பேர் அணி, 10 வரை ஏழு பேர், 12 வரை ஒன்பது பேர். அதற்கு மேல்தான் பதினோரு பேர். கோல் கம்பங்களும் அதற்கேற்பச் சிறிதாகின. பெரிய கோலின் உயரம் 2.44 மீட்டர். பத்து வயது கோல்கீப்பர் ஒன்றரை மீட்டர்கூட இருக்கமாட்டான். தலைக்கு மேல் தூக்கி அடித்தாலே கோல் என்றால் பிள்ளைகள் தூக்கி அடிக்கத்தான் கற்றுக்கொள்வார்கள். அது ஷூட்டிங் திறமை இல்லை; கம்பத்தின் தப்பு.

2024–25 சீசனிலிருந்து ஜெர்மனியும் மாறியது. மிகச் சிறிய பிள்ளைகளுக்கு இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று. நான்கு குட்டி கோல்கள். பெரிய லீக் பட்டியல் கிடையாது. நான்கு கோல் முறைக்கு மூலவர் ஹோர்ஸ்ட் வைன் என்ற ஜெர்மன் ஹாக்கி பயிற்சியாளர். தாக்க இரண்டு கோல் இருந்தால், ஒரு பக்கம் அடைத்தால் பிள்ளை நிமிர்ந்து மறுபக்கம் பார்க்கிறது. 'தலையைத் தூக்கு' என்று கோச் கத்தத் தேவையில்லை.

இந்தியாவிலும் 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்காக 'கோல்டன் பேபி லீக்' 2018இல் தொடங்கியது; இதே சிந்தனைதான். ஆனால் நம் பள்ளிக் குறுவட்டப் போட்டியில் முதல் படியே 14 வயதுக்குட்பட்ட பதினோரு பேர் ஆட்டம். ஆறாம் வகுப்புப் பிள்ளை நேரே அதில் வந்து விழுகிறது. அதற்குக் கீழே படிகளே இல்லை. அந்தப் படிகளை அரசாணைக்குக் காத்திராமல் நம் கிரவுண்டிலேயே கட்டலாம்.

படிப்படியாக என்ன சொல்லிக்கொடுப்பது

ஆறு முதல் ஒன்பது வரை: ஆளுக்கொரு பந்து, அளவு 3. பிள்ளைக்கும் பந்துக்கும் நட்பு உண்டாக வேண்டும், அவ்வளவுதான் பாடம். இந்த வயதில் பந்தை விட மனம் வராது. 'பாஸ் பண்ணு, பாஸ் பண்ணு' என்று கத்தாதீர்கள். துரத்திப் பிடிக்கும் விளையாட்டு, பந்தைக் காப்பாற்றும் விளையாட்டு, ஒன்றுக்கு ஒன்று, மூன்றுக்கு மூன்று. யாரையும் நிரந்தர கோல்கீப்பர் ஆக்காதீர்கள். குண்டாக இருக்கிறான் என்று கோலில் நிறுத்தி ஒரு பிள்ளையின் கால்பந்தை முடித்துவைத்த கிரவுண்டுகள் எத்தனை!

பத்து முதல் பன்னிரண்டு வரை: பந்து அளவு 4. உடம்பு அடக்கமாக, சொன்னபடி கேட்கும் காலம் இது. இரண்டு காலும் பழக வேண்டும். பந்து வருமுன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை இப்போது விதைக்க வேண்டும். நார்வேயின் கெயிர் ஜோர்டெட் பிரீமியர் லீக் ஆட்டக்காரர்களைப் படம்பிடித்து ஆராய்ந்தார். பந்து காலுக்கு வருமுன் அடிக்கடி சுற்றிப் பார்ப்பவர்களின் பாஸ்தான் அதிகம் போய்ச் சேர்கிறது என்று கண்டார். ஹெடிங் மட்டும் காத்திருக்கட்டும். அமெரிக்கா 2015இல் பத்து வயது வரை ஹெடிங்கைத் தடை செய்தது. இங்கிலாந்து 2020இல் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் ஹெடிங் வேண்டாம் என்றது.

பதின்மூன்று முதல் பதினைந்து வரை: உடல் வயது ஆட்சி செய்யும் காலம். பந்து 5, பதினோரு பேர் ஆட்டம் வரலாம். ஓர் இடத்தில் நிரந்தரமாகக் கட்டிப்போட வேண்டாம். இன்றைய உயரமான டிஃபென்ஸ் பையன் பதினேழு வயதில் சராசரி உயரமாகிவிட்டால் அவனுக்கு மிட்ஃபீல்டு தெரிந்திருக்க வேண்டும்.

பதினாறுக்கு மேல்தான் இடம், வியூகம், உடல் வலு, தேர்வு என்பதெல்லாம் தன் முழு அர்த்தத்தோடு வருகின்றன. அதுவரை செலக்ஷன் இல்லாமலும் ஆட்டக்காரர்கள் வளர முடியும். சென்னை வியாசர்பாடியிலிருந்து தனபால் கணேஷ் போன்றவர்கள் ஐ.எஸ்.எல். வரை போனார்கள். அப்படி ஒரு பகுதியிலிருந்து ஆட்டக்காரர்கள் தொடர்ந்து எழுந்ததற்கு, எந்தச் செலக்ஷனும் இல்லாமல் சின்ன இடத்தில் பெரியவர்களோடு ஆடிய ஆட்டமும் ஒரு காரணம். தெரு ஒருவரையும் பெஞ்சில் உட்காரவைப்பதில்லை.

ஒரே கிரவுண்டில் திறமை ஏற்றத்தாழ்வாக இருந்தால் என்ன செய்வது? இதுதான் நீங்கள் தினமும் படும் பாடு. 'ஏ' டீம், 'பி' டீம் என்று வருஷம் முழுக்கப் பிரித்துவிடாதீர்கள். பிரிவை அந்தந்த நாளுக்குள் மாற்றுங்கள். வார்ம்-அப் எல்லோரும் கலந்து. பிறகு அரை மணி நேரம் சமமானவர்கள் சமமானவர்களோடு. அப்போதுதான் வல்லவனுக்கும் சவால், புதியவனுக்கும் பந்து. கடைசியில் மீண்டும் கலந்து ஆட்டம். கலந்து ஆடும்போது விதியால் சமன் செய்யலாம்: வல்லவனுக்கு இரண்டே தொடுகை, அல்லது இடது கால் மட்டும், வல்லவர்கள் இரண்டு பேர், புதியவர்கள் மூன்று பேர், புதியவன் அடித்தால் இரண்டு கோல். இடத்தை அகலமாக்கினால் புதியவனுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். குறுக்கினால் வல்லவனுக்கு நெருக்கடி. கோனை நான்கடி தள்ளிவைப்பது ஒரு கோச் தரக்கூடிய மிகச் சிறந்த அறிவுரை. வாயே திறக்க வேண்டாம்.

போட்டி வேண்டாமா?

'புள்ளிப் பட்டியல் இல்லாமல் வளர்த்தால் பிள்ளைக்கு வெறி எப்படி வரும்?' என்று கேட்பீர்கள். ஜெர்மனியிலும் கேட்டார்கள். டார்ட்மண்ட் கிளப்பின் தலைமை நிர்வாகியாக இருந்த ஹான்ஸ்-யோவாகிம் வாட்ஸ்கே 2023இல் இந்த மாற்றத்தை வெளிப்படையாகக் கேலி செய்தார். நியாயமான கேள்விதான். ஆனால் மூன்றுக்கு மூன்று ஆடும் ஏழு வயதுப் பிள்ளையிடம் ஸ்கோர் கேட்டுப் பாருங்கள், தவறாமல் சொல்லும். வெறி பிள்ளைக்கு இயல்பாகவே இருக்கிறது. பட்டியல் வைப்பதால் வெறி பிடிப்பது கோச்சுக்கும் பெற்றோருக்கும்தான். ஜெயிக்க வேண்டும் என்று சின்னவனை உட்காரவைப்பவர் பெரியவர்தானே?

நார்வே இதைச் சட்டம்போல எழுதிவைத்தது. 'விளையாட்டில் குழந்தைகளின் உரிமைகள்' என்ற விதித்தொகுப்பை அந்நாட்டு விளையாட்டு அமைப்பு 1987இல் ஏற்று, 2007இல் திருத்தியது. பதினோரு வயதாகும் ஆண்டுக்கு முன் தரவரிசைப் பட்டியல் கூடாது. பதின்மூன்று வயதாகும் ஆண்டுக்கு முன் தேசிய சாம்பியன்ஷிப் கூடாது. அந்த நாட்டில் புரூனே என்று ஒரு சிற்றூர். அங்கே ஆல்ஃப் இங்வே பெர்ன்ட்சன் என்ற பயிற்சியாளரிடம் நாற்பது பிள்ளைகள் அளவிலான ஒரு குழு. யாரையும் கழிக்கவில்லை, பதின்ம வயது வரை ஏறக்குறைய எல்லோரும் சேர்ந்தே இருந்தார்கள். சனி, ஞாயிறு உள்ளரங்கத்தைத் திறந்துவிட்டால் அவர்களே அணி பிரித்து ஆடுவார்கள். அதில் தன்னைவிட ஒரு வயது மூத்தவர்களோடு ஆடிய ஒல்லிப் பையன் ஒருவன் இருந்தான். அவனுக்கு உயரம் பதின்ம வயதின் நடுவில்தான் வந்தது. உயரம் வருமுன்பே, பெரியவர்களை இடித்துத் தள்ள முடியாததால், எங்கே ஓட வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்று கற்றிருந்தான். எர்லிங் ஹாலண்ட் அவர். பன்னிரண்டு வயதில் உடம்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் ஊரில் வளர்ந்திருந்தால் அவர் கதை என்னவாகியிருக்கும்?

ஒன்றைக் கவனியுங்கள். அந்த நாற்பது பேரில் பெரும்பாலோர் ஹாலண்ட் ஆகவில்லை. சிலர் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆனார்கள், மற்றவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். அவர்களை வைத்திருந்தது வீண் இல்லை. அவர்கள் எல்லோரும் இருந்ததால்தான் தினமும் ஆட ஆள் இருந்தது. சின்ன வயதில் கோச்சின் வேலை ஆளைக் கழிப்பது இல்லை, ஆளைத் தக்கவைப்பது.

முடிவாக நான்கு வேண்டுகோள். உடற்கல்வி ஆசிரியர்களே, வருகைப் பதிவேட்டில் மூன்று பத்தி கூட்டுங்கள்: பிறந்த மாதம், மூன்று மாதத்துக்கொரு உயரம், கால்பந்து தொடங்கிய ஆண்டு. செலக்ஷன் அன்று அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு பேசுங்கள். பயிற்சியாளர்களே, பன்னிரண்டு வயது வரை எந்தப் பிள்ளையும் ஒரு மேட்ச்சில் பாதி நேரத்துக்குக் குறைவாக ஆடக்கூடாது என்று உங்களுக்கு நீங்களே விதி போட்டுக்கொள்ளுங்கள். பெற்றோர்களே, ஆட்டம் முடிந்து வரும் பிள்ளையிடம் ஜெயித்தாயா என்பதற்கு முன்னால், இன்று புதிதாக எதை முயன்று பார்த்தாய் என்று கேளுங்கள். தலைமையாசிரியர்களே, மாஸ்டரிடம் 14 வயதுப் பிரிவின் கோப்பையைக் கேட்காதீர்கள். ஆறாம் வகுப்பில் வந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பிலும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். அந்த எண்ணிக்கை ஏறினால் கோப்பை 17 வயதுப் பிரிவில் வரும். வராமல் போனாலும் உங்கள் ஊரில் கால்பந்து இருக்கும்.